ஒன்றுபோல் இரண்டு இருந்தால்



நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவே தெரிந்துகொள்வது கடினம் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அன்றாட வாழ்வில் நம்மை அதிகமாய் அலைக்கழிப்பது, ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும் இரண்டு நல்லவற்றுக்கு நடுவே தெரிந்துகொள்வதே.

நம் சபையின் வாலிபத் தம்பி ஒருவர் திருமண வீடுகளில் படம் எடுத்துத் தொழில் செய்ய விரும்பினார். அவருடைய தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் கையில் இருந்தது. பழைய கேமராக்களை விற்கும் கடையில் இரண்டைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்று நிக்கான் டி3500, மற்றொன்று கேனன் இஓஎஸ் 1500டி. இரண்டும் 2018-இல் வெளிவந்தவை. தொடக்கநிலையில் இருப்போருக்கென்றே செய்யப்பட்டவை. "ஐயா, எதை வாங்கட்டும்?" என்று அவர் என்னிடம் வந்தபோது மூன்று மாதம் கடந்திருந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய ஒப்பீடுகளை எழுதியிருந்தார். அதற்குள் அவருக்கு வந்த இரண்டு திருமண வேலைகள் வேறொருவருக்குப் போய்விட்டன.

அவர் எழுதியவை சரியே. நிக்கானில் 24.2 மெகாபிக்சல், கேனனில் 24.1, இந்த வித்தியாசத்தை எந்தக் கண்ணும் காணாது. இரண்டிலும் மடங்காத 3 அங்குலத் திரை. இரண்டிலும் வெளி மைக் இணைக்க வழியில்லை. இரண்டோடும் பெரும்பாலும் 18-55 மி.மீ. லென்ஸே வரும். மெய்யான வேறுபாடுகளும் சில உண்டு. ஒருமுறை சார்ஜ் செய்தால் நிக்கான் ஏறத்தாழ 1,550 படங்கள் எடுக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு; கேனனுக்கு அது 500. தொடர்ந்து எடுக்கும்போது நிக்கான் நொடிக்கு 5 படமும் கேனன் 3 படமும் எடுக்கும். கேனனில் வைஃபை உண்டு. நிக்கானில் புளூடூத் மட்டுமே. தாளில் பார்த்தால் நிக்கான் சற்று முந்துகிறது.

நானும் பல ஆண்டுகளாகக் கேமரா வைத்திருப்பவன். ஆகவே நோட்டை மூடி வைத்துவிட்டு அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன்.

முதலாவது, "தம்பி, எங்கே படம் எடுக்கப் போகிறீர்கள்?" ஆலயத்துக்குள் என்றார். திருமண ஆராதனை நடக்கையில் ஃபிளாஷ் வேண்டாம் என்று நாமே கேட்டுக்கொள்கிறோம் அல்லவா? அந்த மங்கிய வெளிச்சத்தில் 18-55 லென்ஸ், 55 மி.மீ.-இல் எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸோ அதைவிட 9 மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும். மூன்று மாதம் ஒப்பிட்ட இரு கேமராக்களுக்கும் இடையே இவ்வளவு பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. ஆகவே கையில் உள்ள பணம் முழுவதையும் கேமராவுக்கே கொடுத்துவிடலாகாது.

இரண்டாவது, "அந்த லென்ஸ் எதோடு சேரும்?" கேனனின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் 1500டி-யில் தானாகவே ஃபோகஸ் செய்யும். நிக்கான் டி3500-இன் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. ஆதலால் மோட்டார் உள்ளடங்கிய ஏஎஃப்-எஸ் வகை லென்ஸ் வேண்டும்; அதன் விலை பொதுவாகக் கூடுதல். மலிவாய்க் கிடைக்கிறதென்று பழைய ஏஎஃப்-டி வகையை வாங்கினால், கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். மாலை மாற்றும் வேளையில் அதற்கு நேரம் ஏது?

மூன்றாவது, "உங்களுக்குக் கற்றுத்தருபவர் யார்?" அவருடைய தாய்மாமா பக்கத்து ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார், அவரிடம் இருப்பவை அனைத்தும் கேனன் லென்ஸ்கள். அவை நிக்கானில் பொருந்தா. "மாமா இரவல் தருவாரா?" என்றேன். "கேட்டால் தருவார், ஐயா" என்றார். அத்தோடு முடிவு தெரிந்துவிட்டது.

அவர் கேனனை வாங்கினார். 50 மி.மீ. லென்ஸையும், பேட்டரிக் குறையை ஈடுகட்ட இன்னொரு பேட்டரியையும் அதே பணத்துக்குள் வாங்க முடிந்தது. அவருடைய மாமா நிக்கான் வைத்திருந்தால், நிக்கானையே வாங்கச் சொல்லியிருப்பேன். சென்ற மாதம் நம் ஆலயத்தில் நடந்த ஞானஸ்நானத்தை அவர்தான் படம் எடுத்தார். குழந்தையின் நெற்றியில் நிற்கும் நீர்த்துளி ஒரு படத்தில் தெளிவாகத் தெரிகிறது. எந்தக் கேமராவில் எடுத்தது என்று அந்தக் குழந்தையின் தாயார் கேட்கவில்லை. இரண்டு பிரதி வேண்டும் என்றுதான் கேட்டார்.

பிரியமானவர்களே, உங்கள் முன்பாகவும் இந்த வாரம் ஒன்றுபோல் இரண்டு காரியங்கள் இருக்கக்கூடும். பிள்ளைக்கு இரண்டு கல்லூரிகள், வாடகைக்கு இரண்டு வீடுகள், இரண்டு வேலைகள். அவற்றை அருகருகே வைத்து அளந்துகொண்டே இருந்தால் அளவுகோல்தான் தேயும். எங்கே பயன்படப் போகிறது, எதோடு சேரும், கூட நிற்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். அதன்பின்னும் இரண்டும் சமமாகவே நின்றால், பயப்படாமல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை. எடுத்த பின்பு மற்றதன் விலையை விசாரிக்காதீர்கள். கையில் உள்ளதைக் கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.