கல்லங்குறிச்சியில் ஒரு கற்சிப்பி

அரியலூருக்குக் கிழக்கே சில கல் தொலைவில் உள்ள சிற்றூர் கல்லங்குறிச்சி. கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்றது. அதன் சுற்றுவட்டாரத்தில் சிமெண்டு ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டப்படுகிறது. இன்று கடற்கரையிலிருந்து வெகு தொலைவில் உள்ள இந்நிலம், ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன், கிரிட்டேசியக் காலத்தின் இறுதியில், ஆழமற்ற கடலாக இருந்தது.

அங்கே உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, அவ்வீட்டுச் சிறுவன் கனத்த கல் ஒன்றை என் கையில் வைத்தான். "மாமா, இதற்குப் பெயர் என்ன?" என்றான். கிண்ணம் போல் குழிந்த சிப்பியின் ஓடு. ஒரு காலத்தில் நிலவியல் பயின்ற செருக்கில், "கிரிஃபியா" என்று உடனே கூறிவிட்டேன். அவனும் அதைத் தாளில் எழுதிக்கொண்டான்.

இரவில் ஐயம் எழுந்தது. பழைய நூல்கள் அவ்வாறே அழைத்தன என்பது மெய்யே. ஆயினும் உண்மையான கிரிஃபியா பெரும்பாலும் இதற்கு மிக முற்பட்ட காலத்துக்குரியது. பெயர் தவறினால் பாறையின் வயதும் தவறும் அன்றோ!

மறுநாள் ஊசியால் மண்ணை நீக்கிப் பார்த்தோம். கீலில் பற்கள் இல்லை. உள்ளே தசை பற்றியிருந்த தழும்பு ஒன்றே, அதுவும் வட்டமாக இருந்தது. உடைந்த விளிம்பைப் பூதக்கண்ணாடியில் நோக்கினோம். தேனடை போன்ற நுண்ணறைகள்! அதுவே பிக்னோடாண்டி என்னும் இனத்தின் அடையாளம். அவன் கல்லெடுத்த வயலோரத்திலேயே தட்டையான மேலோடும் கிடைத்தது. பிக்னோடாண்டி வெசிகுலாரிஸ் என்று முடிவு செய்தோம். 1806-இல் லாமார்க் இட்ட 'வெசிகுலாரிஸ்' என்னும் சொல், அந்த நுண்ணறைகளையே குறிக்கிறது.

இப்பகுதியின் இரட்டை ஓட்டுச் சிப்பிகளை 1871-இல் விரிவாக எழுதி வெளியிட்டவர் ஸ்டோலிஸ்கா. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய அவ்வறிஞர், 1874-இல் லடாக்கில் தம் முப்பத்தாறாம் வயதில் மறைந்தார்.

நான் சொன்னது தவறு என்று சிறுவனிடம் ஒப்புக்கொண்டேன். அவன் சிரித்தவாறே பழைய பெயரை அடித்துப் புதியதை எழுதினான். எடுத்த இடத்தையும் நாளையும் சேர்த்தெழுதச் சொன்னேன்; இடம் அறியாத கற்சிப்பி பாதி ஊமை. தொலைவில் கல் ஏற்றிய லாரிகள் சூளையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தன. அவற்றில் பெயர் கேட்கப்படாமலே பொடியாகும் சிப்பிகள் எத்தனையோ! ஒன்றையேனும் நாங்கள் சரியாகக் கேட்டறிந்தோம்.