முதலில் ஒரு சாண்

தமிழாசிரியனுக்குப் பாய்மரப் படகோடு என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். படகு என்னுடையதன்று, பணி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவருடையது. போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அருகில் அவருக்கு ஒரு கொட்டகை உண்டு. 2018 ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில், படகின் அடிப்புறத்தைச் சுரண்டி வண்ணம் பூச வேண்டியிருந்தது. என் பழைய மாணவர் மூவரைத் துணைக்கு அழைத்துச் சென்றேன்.

‘வேஃபேரர்’ என்னும் வகைப் படகு அது. 1957 இல் இயான் புரோக்டர் என்னும் ஆங்கிலேயர் வடிவமைத்தது. நீளம் 4.82 மீட்டர், பாய்மரம் முதலியன நீங்கலாக எடை ஏறத்தாழ 169 கிலோகிராம். இரும்பு உத்தரத்தில் தொங்கிய சங்கிலிக் கப்பியோ அரை டன் தாங்க வல்லது. ‘இஃது ஒரு பாரமா?’ என்று இறுமாந்தேன்.

கிள்ளான் துறைமுகத்தில் நெடுங்காலம் பாரந்தூக்கி இயக்கிய முதியவர் ஒருவரும் உடனிருந்தார். “ஐயா, உள்ளே மழைநீர் நிற்கிறது. இறைத்துவிட்டுத் தூக்குவோம்” என்றார்.

“கொஞ்சம் நீர்தானே, அண்ணே!” என்றேன்.

அவர் கயிறு எடுத்துவர அப்பால் சென்றார். நான் பொறுக்கவில்லை. முன்னும் பின்னுமாக இரு பட்டைகளை மாட்டிச் சங்கிலியை இழுத்தோம். படகு இடுப்பளவு உயர்ந்தது. தேங்கிய நீர் பின்புறம் ஓட, பின்புறம் தாழ்ந்தது, பட்டைகள் வழுக்கின. அதனை அறியாத மாணவன் ஒருவன், கீழே கிடந்த வாளியை எடுக்கப் படகின் அடியிற் குனிந்தான். முதியவர் பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பற்றி இழுத்தார். மறுகணம் படகின் பின்பகுதி தரையில் மோதியது.

எவருக்கும் காயமில்லை. முதியவர் என்னைக் கடிந்து கொள்ளவுமில்லை. வேலையை முதலிலிருந்து தொடங்கினார். நீரை இறைத்தார். அகன்ற பட்டைகளை இட்டு, அவை விலகாதபடி இரண்டையும் படகின் பக்கவாட்டில் கயிற்றால் பிணைத்தார். பட்டைகள் குறுகியிருந்தால் கொக்கியில் கோணம் விரியும். விரிய விரியப் பட்டையின் இழுவிசை கூடும். கோணம் 60 பாகையாயின் ஒவ்வொரு பட்டையும் எடையில் ஏறத்தாழ 58 விழுக்காட்டைத் தாங்கும். 120 பாகையாயின் ஒவ்வொன்றும் முழு எடைக்கு ஈடான இழுப்பைத் தாங்க வேண்டும். ஆகவே நீண்ட பட்டைகளையே தேர்ந்தார். முனைகள் இரண்டிலும் வழிகாட்டுக் கயிறு கட்டி, மாணவரை எட்ட நிறுத்தினார்.

“முதலில் ஒரு சாண் தூக்குங்கள், நிறுத்துங்கள், பாருங்கள். சாய்ந்தால் இறக்கிப் பட்டையை மாற்றுங்கள். தொங்கும் பாரத்தின் கீழே எவரும் நிற்கலாகாது” என்றார். படகு உறுதியான மரத்தாங்கிகளில் அமர்ந்த பின்னரே சுரண்டும் வேலை தொடங்கியது.

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம் என்பதையும், நீர் பள்ளம் நோக்கி ஓடும் என்பதையும் நான் எத்தனை ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன்! அவ்வறிவு என் நாவில் இருந்தது, கையில் இல்லை.

அன்று மாலை அம்மாணவனின் தாயிடம் நடந்ததனைத்தையும் கூறி, தவறு என்னுடையதே என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மகனின் தலையை மெல்லத் தடவினார். அந்த மௌனம் இன்றும் என்னைவிட்டு அகலவில்லை. பள்ளியில் எதனைத் தொடங்கினாலும், முதலில் ஒரு சாண் தூக்கி நிறுத்திப் பார்க்கிறேன்.