முந்தானை முடிச்சில் எத்தனை ரூபா?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆட்டம் தெரிந்திருக்கும். நடுவில் ஒரு பையன் படுத்திருப்பான், அவனைத் தலையோடு கால் மூடிக் கறுப்புப் போர்வை. வித்தைக்காரர் கூட்டத்துக்குள் வந்து ஒருவர் கையைத் தொட்டு, "இது என்னடா?" என்பார். "கைக்கடிகாரம்" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வரும். கடைசியில் யாராவது ஒரு ரூபா நோட்டை நீட்டுவார்கள். பையன் அதன் நம்பரைச் சொல்லி முடிக்கும்போது கூட்டத்தில் மூச்சுச் சத்தம்கூட இருக்காது.

அந்தப் போர்வைக்குள் படுத்திருந்த ஒருவரைத் தேடித்தான் பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்கு பஸ் ஏறினேன். நகரங்களில் மேடை போட்டு இதையே ஆடியவர்களின் நோட்டீஸ்களையும் டிக்கெட்டுகளையும் சேர்த்து வருகிறேன். தோட்டங்களைச் சுற்றிய குழு ஒன்றின் தாள்கள் இந்த மலையில் ஒரு பெட்டியில் இருப்பதாகக் கேள்விப்பட்டதும் இருப்புக்கொள்ளவில்லை.

ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. லயத்தின் கடைசிக் காம்பரா. பிளேன்டீ வந்தது, கூடவே கையில் ஒரு துண்டுச் சீனி. கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். உள்ளே வெளிறிய மஞ்சள், ரோஸ் நிறத் தாள்கள். டிக்கெட் புத்தகத்தின் அடிக்கட்டைகள். கண் கட்டும் கறுப்புத் துணி.

"எங்க வாத்தியாரு எழுதுனது தம்பி. படிச்சிப் பாருங்க."

பிடித்தால் விரல் தெரியும் அளவுக்கு மெல்லிய தாள். ஈய எழுத்து அழுந்திய தடம் பின்பக்கத்தில் தடவினால் தெரிகிறது. நடுவில் ஒரு சிறுவனின் கண்கள் மட்டும் பெரிய பிளாக்காக அச்சாகியிருக்கின்றன. மேலே தடித்த எழுத்தில் ஒரே கேள்வி: உங்கள் முந்தானை முடிச்சில் எத்தனை ரூபா? வாத்தியாரின் பெயர் கடைசி வரியில், பொடி எழுத்தில் கிடக்கிறது. இடம், தேதி என்ற இரண்டு வார்த்தைகளுக்கு எதிரே வெற்றுக் கோடு. ஒரு தடவை அடித்த நோட்டீஸ் எல்லாத் தோட்டத்துக்கும் போக வேண்டும் என்பதால் அந்தக் கோட்டில் பென்சிலால் எழுதிக்கொள்வார்களாம்.

இதைப் பார்த்ததும் எனக்கு அலெக்சாண்டர் நினைவுக்கு வந்தார். க்ளாட் அலெக்சாண்டர் கான்லின் என்ற அந்த அமெரிக்கர் தலைப்பாகை கட்டிக்கொண்டு, 'எல்லாம் அறிந்த மனிதர்' என்று விளம்பரம் செய்து மேடைகளை நிறைத்தவர். அவருடைய புகழ்பெற்ற வண்ணச் சுவரொட்டிகள் அச்சானது நம் பக்கத்து பம்பாயில், ஏ.வி. யாகா அச்சகத்தில். சேகரிப்பவர்கள் கையில் அவை இன்றும் புழங்குகின்றன. பிரமாண்டமான வேலைப்பாடு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தாள் முழுக்க ஒரு முகமும், அந்த முகத்தின் பெருமையும்தான். மடுல்சீமைத் தாளில் வித்தைக்காரரின் முகமே இல்லை. வாசிப்பவளின் முந்தானை இருக்கிறது. அதுவும் சம்பள நாள் அன்று. என்னைக் கேட்டால், விளம்பரக் கலையில் மடுல்சீமை வாத்தியார்தான் ஒரு படி மேலே.

நோட்டீஸ் எங்கே கொடுப்பார்கள் என்று கேட்டேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் என்றார். சாயங்காலம் கூடையோடு எல்லாப் பெண்களும் வரிசையில் நிற்கும் இடம் அது ஒன்றுதான். அன்று அவர்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது. தாளை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டு போய், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுப்பார்கள். பிள்ளை வாசலில் நின்று உரக்கப் படிக்கும். லயமே கேட்கும். அதனால்தான் வாத்தியார் வரிகளைப் பேச்சு மாதிரிக் குட்டையாக வெட்டியிருக்கிறார். ஒரு தாளுக்குப் பத்துக் குடும்பம் என்பது அவர் கணக்கு. தப்பு அடிப்பவர் ஒருவர் முன்னால் போவார், பசை வாளியோடு ஒருவர் பின்னால். கோதுமை மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கொஞ்சம் கலந்த பசை. ஸ்டோர் சுவரில் ஒட்டினால் துரை விரட்டுவார் என்பதால் தேத்தண்ணிக் கடைப் பலகையில்தான் ஒட்டுவது.

ஆட்டத்துக்கு முதல் நாள் இவர் கண்ணைக் கட்டிக்கொண்டு கடைவீதியில் சைக்கிள் ஓட்ட வேண்டும். கண்மேல் பிசைந்த மாவு, அதன்மேல் இந்தத் துணி. காஷ்மீரத்துக்காரரான குடா பக்ஸ் இதே மாதிரிக் கண்ணைக் கட்டிக்கொண்டு 1945ல் நியூயோர்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் சைக்கிள் ஓட்டியவர். மடுல்சீமை வீதியில் ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் பள்ளம். பன்னிரண்டு வயதுப் பையனை அதில் ஓட விட்டது சரியில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஐயா அதைச் சொல்லும்போது முழங்காலில் இருந்த தழும்பைத் தடவிக்கொண்டார்.

பேத்தியைக் கூப்பிட்டு மூலையில் உட்காரவைத்துச் சால்வையால் மூடினார். என் நூறு ரூபா நோட்டை வாங்கிப் பார்த்தார். "ம், சொல்லு. சட்டுனு. இப்ப இது?" பிள்ளை கடைசி மூன்று இலக்கங்களைச் சரியாகச் சொன்னது. வித்தை கேள்வியில் இருக்கிறது: கேட்கும் சொல்தான் இலக்கம். 'சட்டுனு' வந்தால் ஏழு. மற்றவற்றை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டொக்டர் ஏப்ரகாம் கோவூர் இந்த இடத்தைத்தான் பிடித்தார். திருவல்லாவில் பிறந்து இலங்கையில் தாவரவியல் கற்பித்த அந்தப் பகுத்தறிவாளர், தெய்வ சக்தி உண்டென்பவர்களுக்கு ஒரு லட்சம் ரூபா பந்தயம் அறிவித்து, 1978ல் இறக்கும்வரை அதைத் திறந்தே வைத்திருந்தார். அவர் கேட்டவற்றில் ஒன்று, முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நோட்டின் நம்பரைப் படித்துக் காட்டுவது. உறை மூடியிருந்தால் கேட்பவருக்கே நம்பர் தெரியாது. அப்புறம் எந்தச் சொல்லால் கேட்பார்?

பெட்டியில் இருந்த ஒரு தாளிலும் 'தெய்வ சக்தி' என்ற வார்த்தை இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். 'இது பயிற்சி, வந்து நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்' என்றே எல்லாவற்றிலும் இருக்கிறது. 1949ல் பீ.பீ.சீ. வானொலியில் மனம் படித்துக் காட்டிய பிடிங்டன் தம்பதியும் தீர்ப்பைக் கேட்பவர்களிடமே விட்டார்கள். அந்த நாடகத்தின் விதை சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமில் விழுந்தது. மடுல்சீமை வாத்தியார் அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. குறி கேட்கவும் மை போட்டுப் பார்க்கவும் காசு இறைக்கும் ஜனங்களிடம், ஏமாற்றாமல் டிக்கெட் விற்க முடியும் என்று அவர் தானாகவே கண்டிருக்கிறார். நாலு பேரைக் கூட்டத்துக்கு அழைக்கிற எவரும் அந்தத் தாளைப் படிக்க வேண்டும்.

வாத்தியார் இப்போது இங்கே இல்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கென்று எழுதியது. எழுபதுகளில் ஒருநாள் அவரும் ஒப்பாரிக் கோச்சியில் தலைமன்னார் போனார். சாமானோடு சாமானாகக் கொண்டுபோக இடமில்லாமல் பெட்டியைப் பையனிடம் கொடுத்திருக்கிறார். "அவரு கடுதாசி ஒண்ணு போட்டாரு, அப்புறம் இல்ல" என்றார் ஐயா. அக்கரையில் அவர் மறுபடி போர்வை விரித்தாரா என்பது பெட்டியில் இல்லை.

பெட்டியை நான் விலைக்குக் கேட்கவில்லை. ஐயா சம்மதித்ததால் ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். பெட்டி அந்தப் பேத்தியிடமே இருக்கட்டும்.

தோட்டத்தில் நடந்த நாடகம், காமன் கூத்து, சங்கக் கூட்டம், வித்தை எதன் நோட்டீஸாவது உங்கள் வீட்டில் இருந்தால் அடுப்பில் போடாதீர்கள். ஓரம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. படம் எடுங்கள், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பென்சிலால் பின்னால் எழுதுங்கள். 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் துண்டுப்பிரசுரங்களையும் ஏற்றுக்கொள்கிறது, அவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.