அப்பா அடிச்ச ரெண்டு மணி!

டூர்னா கொடைக்கானல், மிஞ்சிப்போனா மூணாறு. எங்க வீட்டு உலக மேப் அவ்வளவுதான். 2023 தீபாவளி அன்னிக்கு அப்பா திடீர்னு, ‘‘ஜனவரியில எல்லாரும் சிலோன் போறோம். மலை ஏறப் போறோம்’’னு குண்டு போட்டார். திருப்பரங்குன்றம் படிக்கே மூச்சு வாங்குற மனுஷன்! நானும் ப்ளஸ் ஒன் தங்கச்சியும் சிரிச்சோம். அம்மா சிரிக்கலை.

ஆன்லைன்ல விசாவுக்கு நான்தான் ஃபில்லப் பண்ணினேன். அப்பா பாஸ்போர்ட்ல பிறந்த இடம், ‘ஹட்டன்’. ‘‘அப்பா, தப்பா அடிச்சிருக்காங்க.’’

‘‘தப்பில்லடா’’ன்னார். அதோட சரி.

பெரியார் பஸ் ஸ்டாண்டுல இருந்து டிராஃபிக்ல ஏர்போர்ட் போற நேரம்தான் மதுரை - கொழும்பு ஃப்ளைட்டுக்கும். அங்கிருந்து ரயில். ஜன்னல்ல தேயிலைச் செடி தெரிய ஆரம்பிச்சதும் அப்பா வாய் திறந்தார். தாத்தாவோட அப்பா காலத்துலயே தோட்ட வேலைக்குப் போன குடும்பமாம். 1964-ல சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் அப்புறம் பார்க்கலாம்னு ரெண்டு அரசாங்கமும் பேசி முடிச்சது. பிரிக்கப்பட்டவங்களை யாரும் கேட்கலை. 1976-ல எட்டு வயசு அப்பா, தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அப்புறம் மதுரை.

‘‘ஏம்ப்பா எங்ககிட்ட சொல்லவே இல்லை?’’

‘‘இங்கே ஸ்கூல்ல ‘சிலோன்காரன்’னே கூப்பிட்டாங்க. அங்கே இருந்தப்போ ‘இந்தியாக்காரன்’. எதைச் சொல்றது?’’

பதில் சொல்லத் தெரியலை. காலேஜ்ல ஒரு பையனோட பேச்சைக் கிண்டல் பண்ணி நாங்க வெச்ச பட்டப்பேர் ஞாபகம் வந்துச்சு. சுருக்குன்னுச்சு.

சிவனொளிபாதமலை 2,243 மீட்டர். கொடைக்கானலைவிட உசரம். அயிரத்து எண்ணூறு இல்லை மக்களே, படி மட்டும் 5,500-க்கு மேல! சூரிய உதயம் பார்க்கணும்னா ராத்திரியே ஏறணும். நல்லதண்ணியில ஒரு மணிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் விளக்கு, டீக்கடை, எலும்பைக் குடையுற குளிர். புத்தர் பாதம்னு சிங்களவங்க, சிவன் பாதம்னு நம்மாளுங்க, ஆதம் பாதம்னு முஸ்லிம்கள். படி எல்லாருக்கும் ஒண்ணுதான்.

‘யூத்’துன்னு காட்ட முதல் ஒரு மணி நேரம் ஓடினேன். அப்புறம் கெண்டைக்கால் பிடிச்சு உட்கார்ந்துட்டேன். பின்னால நிதானமா வந்த அப்பா கையை நீட்டினார். ‘‘எண்ணாம ஏறுடா. எண்ணினாதான் வலிக்கும்.’’ கடைசி செங்குத்துல அவருக்கு மூச்சு முட்டுச்சு. பத்து படி ஏறி, பத்து நிமிஷம் உட்கார்ந்து... ‘திரும்பிடலாம்ப்பா’ன்னு தங்கச்சி அழுதா. ம்ஹூம், அசையலையே!

உச்சியில ஒரு மணி. எத்தனை தடவை மலை ஏறியிருக்கோமோ, அத்தனை தடவை அடிக்கணும். நாங்க ஆளுக்கு ஒண்ணு அடிச்சோம். அப்பா ரெண்டு அடிச்சார்.

‘‘கள்ளக்கணக்கு!’’ன்னேன்.

‘‘முதல் தடவை எங்க அய்யா தோள்ல உட்கார்ந்து வந்தேன். அது கணக்குல சேராதா?’’

சூரியன் வந்து, மலையோட முக்கோண நிழல் எதிர்ப்பக்கம் விழுந்தப்போ எல்லாரும் அதைப் பார்த்தாங்க. நான் அப்பாவைப் பார்த்தேன்.

இறங்கும்போதுதான் முட்டி கழண்டுச்சு. இறங்குற வரைக்கும் அப்பா என் தோளை விடலை. மறுபடி போகணும் பாஸ். நான் ரெண்டு அடிக்கணும். அவர் மூணு அடிக்கணும்!