குறட்டை விட்ட பசு

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மக்காச்சோளம், பருத்தி, கொஞ்சம் சின்ன வெங்காயம். மழை பெய்தால்தான் ஏரி. பெய்யாவிட்டால் அது பையன்களின் கிரிக்கெட் மைதானம். அந்த ஊரில் இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றும் ஓர் அம்மாவுக்கு, மாசி மாதத்து ராத்திரி ஒன்றில் தூக்கம் கலைந்தது. கர்... கர்... என்று குறட்டைச் சத்தம். வீட்டுக்காரர்தான் என்று நினைத்து, அவரைப் புரண்டு படுக்கச் சொன்னார். அவர் புரண்டு படுத்தார். சத்தம் நிற்கவில்லை. அது கொட்டகையிலிருந்து வந்தது.

தை மாதம் வாங்கிய கலப்பின ஜெர்சிப் பசு அது. அரியலூர் மாவட்டம் திருமானூர்ப் பக்கம் பெண் எடுத்திருந்த அவருடைய தம்பிதான் தரகர் மூலம் பிடித்துக் கொடுத்தார். விலை 42,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் மகளிர் குழுக் கடன். இரண்டாவது ஈத்து, காலையும் மாலையும் சேர்த்து 9 லிட்டர், சாதுவான மாடு. வாங்கும்போது பல்லைப் பார்த்தார்கள், மடியைப் பார்த்தார்கள், சுழியைப் பார்த்தார்கள், கறந்தும் பார்த்தார்கள். மூக்கை யாரும் பார்க்கவில்லை. யார்தான் பார்க்கிறார்கள்?

குறட்டை தொடங்கிய பத்து நாளில் தவிட்டுத் தொட்டியின் விளிம்பில் ரத்தப் புள்ளிகள் தெரிந்தன. வீட்டுக்காரருக்கு மூக்கணாங்கயிற்றின் மேல் சந்தேகம். நைலான் கயிறு அறுத்திருக்கும் என்று அதைக் கழற்றிவிட்டு, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினார். கயிறு போகும் இடம் இரண்டு நாசிக்கும் நடுவே, குருத்தெலும்புக்கு முன்னால் இருக்கும் மெத்தென்ற சதை. அங்கே புண் வந்தால் கண்ணுக்கே தெரியும். இங்கே புண் எதுவும் இல்லை. ரத்தம் சளியோடு கலந்து உள்ளேயிருந்து வந்தது.

அப்புறம் ‘சளி’ என்று முடிவாயிற்று. துளசி, ஓமவல்லி, மிளகு இடித்து வெல்லத்தில் வைத்துக் கொடுத்தார்கள். மருந்துக்கடையில் கேட்டு மாத்திரையும் கொடுத்தார்கள். பால் 9 லிட்டரிலிருந்து 6-க்கு வந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், “புகையிலையைக் கசக்கி மூக்குல ஊத்து, எல்லாம் கொட்டிரும்” என்றார். மூங்கில் குழாயில் ஒரு வாய் ஊற்றியதுமே பசு இருமி, முழங்கால் மடிந்து விழப்பார்த்தது. அந்த அம்மா குழாயைப் பிடுங்கித் தூர எறிந்தார். எறிந்தது நல்லது. மூக்கில் ஊற்றுவது மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குப் போனால் குறட்டை மாடு நிமோனியா மாடாகிவிடும்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது. விடுமுறைக்கு வந்திருந்த மகள் வயிற்றுப் பேரன், ஏழு வயது, சித்திரை வெயிலில் விளையாடிவிட்டு வந்து நின்றான். சட்டையெல்லாம் ரத்தம். சில்லு மூக்கு உடைந்திருந்தது. அண்ணாந்து படுக்க வைத்து நெற்றியில் தண்ணீர் ஊற்றினார்கள். பையன் ரத்தத்தை விழுங்கி வாந்தி எடுத்தான். பையன் படுப்பது கொட்டகையை ஒட்டிய திண்ணையில். மாட்டுக்கும் மூக்கில் ரத்தம், பிள்ளைக்கும் மூக்கில் ரத்தம். அன்றைக்கு ராத்திரி அந்த அம்மா தூங்கவில்லை. விடிந்ததும் மாட்டை ஓட்டிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனார்.

மருத்துவர் ஊசியை எடுப்பதற்கு முன் டார்ச் லைட்டை எடுத்தார். நாசியை விரித்து உள்ளே அடித்துப் பார்த்தார். “எட்டிப் பாருங்கம்மா” என்றார். உள்சுவரில் சிவந்த, சின்னக் காலிஃபிளவர் மாதிரியான சதை. ஒரு பக்கம் மட்டுமல்ல, இரண்டு பக்கமும். சளியைக் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தவர், அந்த அம்மாவையும் பார்க்கச் சொன்னார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் வளைந்த வளரி மாதிரி ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று.

“புழு முட்டைம்மா. புழு சளியில இல்ல, ரத்தக்குழாய்க்குள்ள இருக்கு.”

மாட்டின் மூக்கு வெறும் ஓட்டை இல்லை. உள்ளே சுருள் சுருளாக மெல்லிய எலும்புத் தகடுகள். அவற்றின் மேல் போர்த்திய ஈரச் சவ்வு. அந்தச் சவ்வுக்குள் வலை பின்னினாற்போல் சிரைகள். இவ்வளவு ரத்தம் அங்கே எதற்கு? உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தித்தான் நுரையீரலுக்கு அனுப்ப வேண்டும். வெயில் காலத்தில் அதே இடம் வேறொரு வேலையும் செய்கிறது. ஈரம் ஆவியாகும்போது மூக்கின் சிரைகளில் ஓடும் ரத்தம் குளிர்கிறது. ஆடு மாடுகளுக்கு மூளையின் அடியில் தமனிகள் பின்னிய ஒரு வலை உண்டு. குளிர்ந்த சிரை ரத்தம் அதைச் சுற்றிப் பாய்வதால், மூளைக்கு ஏறும் சூடான ரத்தம் கொஞ்சம் ஆறிப் போகிறது. மேய்ச்சல் ஆடு உச்சி வெயிலிலும் தாக்குப்பிடிப்பதில் மூக்குக்கும் பங்கு உண்டு.

அந்தச் சிரைகளுக்குள்தான் இந்தப் புழு குடியிருக்கிறது. நூல் மாதிரி மெல்லியது, ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். ஆண் புழுவின் உடலில் உள்ள பள்ளத்தில் பெண் புழு ஒட்டிக் கிடக்கும். பெண் புழு இடும் முட்டைக்கு முள் உண்டு. அது சிரையைக் குத்திச் சவ்வுக்கு வந்து சளியில் இறங்குகிறது. இறங்காமல் சதைக்குள் மாட்டிக்கொள்ளும் முட்டைகளைச் சுற்றி உடம்பு கட்டும் கோட்டைதான் அந்தக் காலிஃபிளவர் சதை. காற்றுப் போகும் வழி குறுகுவதால் குறட்டை. பசு தண்ணீர் குடிக்கக் குனியும்போது சளி குளத்தில் விழும். முட்டை பொரித்து, குஞ்சு ஒரு நத்தையைத் தேடிப் போகும். எல்லா நத்தையும் அதற்கு ஆகாது. தட்டையாகச் சுருண்ட, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வளரும் நத்தை ஒன்று உண்டு. நசுங்கினால் சிவப்பாகக் கசியும். குளம், குட்டை, வாய்க்கால், நெல் வயல் எங்கும் இருப்பது. அதன் உடம்பில் வாரக்கணக்கில் பெருகி, வாலுள்ள குஞ்சுகளாக மறுபடி தண்ணீருக்கு வந்து, இறங்கும் மாட்டின் தோலைத் துளைத்து ரத்தத்தில் ஏறி மூக்குக்கு வந்து சேரும்.

இந்தச் சங்கதியைக் கண்டுபிடித்ததில் நம்மூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1903-ல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருந்த எம்.ஆனந்த நாராயண ராவ், 1933-ல் இந்தப் புழுவைத் தனி இனமாக அடையாளம் காட்டினார். அதன் அறிவியல் பெயரான ‘சிஸ்டோசோமா நேசேல்’ என்பதோடு இன்றும் ‘ராவ், 1933’ என்று சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். அவர் பெயரில் ஊருக்கு ஒரு தெரு வைத்தாலும் தகும். மாடு வைத்திருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

அந்த அம்மாவின் கேள்வி வேறு. “சார், இந்தப் புழு பிள்ளைக்கும் வருமா? பேரனுக்கு நேத்து மூக்குல ரத்தம்.”

மருத்துவர் சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்தினார். “மனுஷன் மூக்குல இது குடியிருக்காதும்மா. குளத்துல இறங்கினா தோலைத் துளைக்கும், அங்கேயே செத்துடும். நமக்கு அரிப்புதான் மிச்சம்.” நடவு வயலில் நின்றால் காலில் வரும் அரிப்பை எல்லாரும் உரத்தின் மேலேயே பழிபோடுகிறோம். சில நேரம் அது இந்தக் குஞ்சுகளின் வேலை.

பேரனின் மூக்கு வேறு கதை. மனிதனுக்கு நாசியின் நடுச்சுவரில், வாசலிலிருந்து விரல் நுனி எட்டும் தூரத்தில், பல தமனிகள் வந்து கூடும் இடம் ஒன்று இருக்கிறது. கண்ணுக்குப் பக்கத்திலிருந்து ஒன்று, அண்ணத்திலிருந்து ஒன்று, மேலுதட்டிலிருந்து ஒன்று என்று வந்து சேர்கின்றன. கீசல்பாக் என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயரை அந்த இடத்துக்கு வைத்திருக்கிறார்கள். மேலே இருப்பது மெல்லிய சவ்வு. வெயிலில் காய்ந்தாலோ, பையன் விரலை விட்டாலோ உடைந்துவிடும். பெரும்பாலான சில்லு மூக்கு இந்த இடத்தில்தான். செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வேலை இல்லை. உட்கார வைத்து, தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வாயால் மூச்சு விடட்டும். நடுநடுவே எடுத்துப் பார்க்கக் கூடாது. அண்ணாந்து படுக்க வைத்தால் ரத்தம் தொண்டைக்குள் போகும். அதற்கும் நிற்காவிட்டாலோ, அடிக்கடி வந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும்.

“குளத்துல குளிக்கிற பெரியவங்களுக்கு ஒரு பக்க மூக்குல சிவப்பா சதை வளர்ந்து, தொட்டாலே ரத்தம் வந்தா அதையும் விடாதீங்க. அது இன்னொரு கிருமி. காது மூக்கு தொண்டை டாக்டர் அறுத்து, அடியைச் சுட்டு எடுக்கணும்” என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். மாட்டின் மூக்கில் ரத்தம் வந்தாலே இந்தப் புழு என்றும் நினைத்துவிடக் கூடாது. குளத்தில் குடித்த மாட்டுக்கு ஒரு நாசியில் மட்டும் ரத்தம் சொட்டினால் உள்ளே அட்டை இருக்கலாம். திடீரென்று செத்த மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வந்தால், அது அடைப்பானாக இருக்கலாம். அதை அறுக்கவே கூடாது, தோலும் உரிக்கக் கூடாது. உடனே மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும்.

பசுவுக்கு ஊசி தொடங்கியது. ஆன்டிமனி கலந்த மருந்து, வாரம் ஒன்று, தசையில் ஆழமாகப் போட வேண்டும். போட்ட இடம் வீங்கும். மாடு சினையா என்று மருத்துவர் முதலில் கேட்டுக்கொண்டார். அந்த மருந்தைக் கடையில் வாங்கி நாமே போடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூன்றாவது ஊசிக்குப் பிறகு ரத்தம் நின்றது. நான்காவதுக்குப் பிறகு ராத்திரி கொட்டகை அமைதியானது. வீட்டுக்காரர் மட்டும் குறட்டை விட்டார்.

அந்த வாரம் தம்பி தரகரோடு வந்தார். “அக்கா, இப்ப சத்தம் இல்ல. திரும்ப வரும்னு டாக்டரே சொல்றாராம். இப்பவே சந்தைக்கு ஓட்டிடலாம். 38-க்குத் தள்ளிடலாம்.”

தரகர் துண்டுக்கடியில் கையை நீட்டினார். அந்த அம்மா கையைக் கொடுக்கவில்லை.

“ஏன் தம்பி, தை மாசம் நாம வாங்கினப்பவும் சத்தம் இல்லதானே?”

தம்பி பதில் சொல்லவில்லை. தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டீ குடிக்காமலே கிளம்பினார். வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. குழுக் கடன் தவணை அவர் பெயரில் இல்லை, அந்த அம்மாவின் பெயரில். ஆனால் வெங்காயம் விற்ற காசிலிருந்துதான் அது போக வேண்டியிருந்தது.

ஐப்பசியில் ஏரிக்குத் தண்ணீர் வந்தது. ஊர் மாடுகள் எல்லாம் இறங்கின. இந்தப் பசு இறங்கவில்லை. அதற்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், சிமென்ட் தொட்டியில். மோட்டார் ஓடாத நாளில் ஏரித் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து, நத்தை இல்லாமல் வடிகட்டி, இரண்டு நாள் வைத்திருந்து கொடுத்தார்; அதற்குள் குஞ்சுகள் செத்துவிடும். பக்கத்து வீட்டில் இரண்டு கன்று. அந்த வீட்டுக்குப் போய், தன் மாட்டுக்கு இன்ன நோய், ஏரியில் விட்டால் உங்கள் கன்றுக்கும் வரும், அதனால்தான் கட்டிவைத்திருக்கிறேன் என்று சொன்னார். அவர்கள் முகம் மாறியது. கொஞ்ச நாள் அந்த வீட்டில் பால் வாங்கவில்லை. பாலில் இது வராது என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. எருமை வைத்திருந்த இன்னொருவர், “என் எருமைக்கு ஒண்ணும் இல்லியே” என்றார். எருமைக்குப் பெரும்பாலும் குறட்டை வராது. சத்தமில்லாமல் முட்டையை மட்டும் குளத்தில் போட்டுக்கொண்டிருக்கும். அதனால் அவருடைய எருமைச் சளியையும் ஒருநாள் மருந்தகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஏரியில் நத்தையைத் தின்ன வாத்து விடலாமா என்று இப்போது பேச்சு நடக்கிறது.

பசுவுக்குக் கார்த்திகையில் மறுபடி லேசாகக் குறட்டை வந்து, மறுபடி ஊசி போட்டார்கள். பால் 7 லிட்டரில் நிற்கிறது. மாசியில் தம்பி இன்னொரு மாடு பார்த்திருப்பதாகச் சொல்ல, அந்த அம்மா திருமானூருக்கு அவரோடு பஸ் ஏறினார். மாட்டுக்காரர் வாயைத் திறந்து பல்லைக் காட்டினார். அந்த அம்மா மஞ்சள் பையிலிருந்து டார்ச் லைட்டை எடுத்து, “கொஞ்சம் மூக்கைப் பிடிங்க” என்றார்.