பெட்டிக்குள் இருப்பது என்ன?

சைக்கிளில் வரும் மீன்காரரிடம் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எங்கள் உம்மும்மா காசு கொடுத்ததே இல்லை. வாவி மீனா, கடல் மீனா, இன்று பிடித்ததா, நேற்றையதா என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார். ஆனால் பாவித்த மடிக்கணினியை வாங்கப்போகும் வாப்பாமார் எதைத் தூக்கிப் பார்ப்பது? மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் கடைக்காரரின் வாயையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு வழியுண்டு. அதன் பெயர் ஃபாஸ்ட்ஃபெட்ச். கட்டளைத் திரையில் அந்த ஒரு சொல்லைத் தட்டி என்டர் விசையை அழுத்தினால், கண்மூடித் திறப்பதற்குள் கணினி தன்னைப் பற்றிச் சொல்லிவிடும். இடப்பக்கம் பணிசெயல் முறைமையின் சின்னம். வலப்பக்கம் கணினியின் மாதிரி, முறைவழியாக்கி, நினைவகம், வட்டின் கொள்ளளவு என்று வரிசையாக வரும். இலவசமானது, லினக்ஸ், விண்டோஸ், மெக் எல்லாவற்றிலும் இயங்கும்.

இதற்கு முன்னர் பிரபலமாக இருந்தது நியோஃபெட்ச். அதை உருவாக்கிய டிலான் அராப்ஸ், விவசாயத்துக்குப் போய்விட்டதாக எழுதிவைத்துவிட்டு, 2024 ஏப்ரலில் அந்த வேலையை முடித்துக்கொண்டார். படுவான்கரை வயல்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் செய்தி மிகவும் பிடித்திருந்தது. நியோஃபெட்ச் 'பாஷ்' கட்டளைகளால் எழுதப்பட்டது. ஒவ்வொரு விபரத்துக்கும் வேறு வேறு நிரல்களைக் கூப்பிட்டுக் கேட்கும். ஃபாஸ்ட்ஃபெட்ச் 'சி' மொழியில் எழுதப்பட்டு, பெரும்பாலான விபரங்களைப் பணிசெயல் முறைமையிடமிருந்தே நேரடியாக வாசிக்கிறது. ஒரு விபரத்துக்காகக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திடமும் அலைவதற்கும், பதிவேட்டையே திறந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் அது.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் எனக்கு மடிக்கணினி தேவைப்பட்டது. உம்மாவின் சீட்டுக்காசு கைக்கு வந்ததும் வாப்பாவும் நானும் ஒரு கடைக்குப் போனோம். "எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 வடிவா ஓடும்" என்றார் கடையில் நின்ற தம்பி. மூடியில் பளபளவென்று ஸ்டிக்கரும் இருந்தது.

"மகள் ஒருக்காப் போட்டுப் பார்க்கட்டுமா தம்பி?" என்று வாப்பா கேட்டார்.

"பாருங்க நானா."

பென் டிரைவில் கொண்டுபோயிருந்த ஃபாஸ்ட்ஃபெட்சை இயக்கினேன். முறைவழியாக்கி என்ற இடத்தில் ஐ5-6300யூ என்று வந்தது. இன்டெல் பெயர்களில் கோட்டுக்குப் பின்னால் வரும் நான்கு இலக்கங்களில் முதலாவதுதான் தலைமுறை. பத்தாம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். ஆகவே இது ஆறாம் தலைமுறை. மைக்ரோசொப்ட் விண்டோஸ் 11க்கு ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் இது இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பித்தல்களும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டன.

திரையைக் காட்டினேன். "எங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தாங்க" என்றார் அந்தத் தம்பி. வாப்பா சத்தம் போடவில்லை. "பரவாயில்லை தம்பி, இனி வாறவங்களுக்குச் சரியாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். உம்மா ஒரு வருடம் சேர்த்த காசு அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

எல்லா வித்தியாசமும் ஏமாற்று அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த கடையில் 256 ஜிபி என்று சொன்ன வட்டு, திரையில் ஏறத்தாழ 238 என்று தெரிந்தது. வாப்பாவின் முகம் மாறியது. தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். இந்தத் திரை 1024, 1024ஆக எண்ணுகிறது. பொருள் ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. 8 ஜிபி நினைவகமும் சற்றுக் குறைவாகவே தெரியும். அதில் ஒரு பகுதியை வன்பொருள் தனக்கென ஒதுக்கிக்கொள்கிறது. இதை அறியாவிட்டால் நேர்மையான வியாபாரியையும் சந்தேகித்திருப்போம். அந்தக் கணினியைத்தான் வாங்கினோம். இந்தக் கட்டுரையையும் அதில்தான் தட்டச்சு செய்கிறேன்.

ஃபாஸ்ட்ஃபெட்ச் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. விசைகள் ஒவ்வொன்றும் வேலை செய்கின்றனவா, மூடியின் பிணைச்சல் தளர்ந்திருக்கிறதா என்பதைக் கையால்தான் பார்க்க வேண்டும். பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் ஓடவிட்டுத்தான் அறியலாம்.

இப்போது எங்கள் ஒழுங்கையில் யாராவது கணினி வாங்கப் போனால் என்னைக் கூப்பிடுகிறார்கள். போன கிழமை பக்கத்து வீட்டு மாமி தன் மகளுக்காக வந்து கேட்டார். பரீட்சை நெருங்குவதால் கடைக்குப் போக எனக்கு நேரமில்லை. பென் டிரைவைக் கொடுத்து, எந்த வரியில் எந்த இலக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று மாமிக்கே சொல்லிக்கொடுத்தேன். கொப்பித்தாளில் எழுதிக்கொண்டு போனார். மறுநாள் வந்து, "கடைக்காரர் என்ட கையில இருந்த தாளைப் பார்த்திட்டுத்தான் புள்ள விலையைச் சொன்னார்" என்று சிரித்தார்.