குத்தகை பாக்கி

2022 ஏப்ரல் கடைசி. கும்பகோணம் பக்கத்து அரிசி ஆலைக்காரர் ஒருவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து செல்போனை நீட்டினார். கொழும்பு இறக்குமதியாளர் அனுப்பிய வங்கி ரசீது.

"பாருங்க சார், அவர் கட்டிட்டார். அப்ப நம்ம பணம் எங்க?"

கட்டியது உண்மைதான், இலங்கை ரூபாயில், அவருடைய வங்கியில். அதை டாலராக மாற்றி அனுப்ப அங்கே டாலர் இல்லை. வெளிக்கடனைத் திருப்பிக் கட்ட முடியாதென்று 12ஆம் தேதியே அந்த நாடு கைவிரித்துவிட்டது.

அந்நியச் செலாவணிப் பிரிவில் என் பிழைப்பே எல்.சி., அதாவது வாங்குகிறவர் சார்பில் அவருடைய வங்கி தரும் பண உறுதிக் கடிதம், படிப்பதுதான். புதிதாக வந்தவர்கள் தொகையைப் பார்ப்பார்கள், கப்பலேற்றும் கடைசித் தேதியைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது 49ஆம் கட்டம். அங்கே 'கன்ஃபர்ம்' என்றிருந்தால், வாங்குகிறவரின் நாடு கவிழ்ந்தாலும் வேறொரு வங்கி தன் கையிலிருந்து கொடுக்கும். 'வித்தவுட்' என்றிருந்தால் அந்த நாட்டின் தலையெழுத்துதான் நம் தலையெழுத்தும். இவருடையதில் 'வித்தவுட்'. கன்ஃபர்ம் செய்யக் கமிஷன் கேட்பார்கள், ஈ.சி.ஜி.சி. ஏற்றுமதிக் காப்பீட்டுப் பாலிசிக்குப் பிரீமியம் வேறு. "கொழும்பு என்ன சீமையா சார், நாகப்பட்டினத்திலிருந்து கூப்பிடு தூரம்" என்றார். பன்னிரண்டு வருஷம் தவறாமல் பணம் வந்த இடம். நானும் அழுத்திச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தரங்கம்பாடிக்குப் போனேன். மனசு சரியில்லையென்றால் அங்குள்ள டேனிஷ் கோட்டை மதில்தான் எனக்கு ஆறுதல்.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு அந்த ஊரைக் கொடுத்தார். டென்மார்க் அரசருக்கு அவர் எழுதிய மடல் பொன் தகட்டில், தமிழில்; இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. இதைவிடக் கனமான ஒப்பந்தக் காகிதத்தை எந்த வங்கியும் பார்த்திருக்காது. ஆனால் 1640களின் தொடக்கத்துக்குப் பிறகு கால் நூற்றாண்டு டென்மார்க்கிலிருந்து கப்பலே வரவில்லை. 1650இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியே கலைந்தது. தஞ்சைக்குக் கட்ட வேண்டிய பணம் நின்றது; நாயக்கர் படை வந்து முற்றுகையிட்டது. 1655 முதல் உள்ளே மிஞ்சியிருந்த டேனிஷ்காரர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே ஒருவர்தான். வங்கக் கடலில் கப்பல்களைப் பிடித்து, அந்தக் காசில் ஊரைச் சுற்றி மதில் கட்டி, 1669இல் கப்பல் வரும்வரை தாக்குப்பிடித்தார்.

கோபன்ஹேகனிலிருந்து பார்த்தால் தஞ்சை பகை அரசு. டெல்டாக்காரனான எனக்கு இது குத்தகை பாக்கி. பாக்கி வைத்தால் மிராசுதார் ஆள் அனுப்பத்தான் செய்வார். அரசுகள் திடீரென்று பகையாவதை நான் அதிகம் பார்த்ததில்லை. எங்கோ ஒரு தவணை நின்றிருக்கும். அடி மட்டும், தவணையை நிறுத்தியவர் மேல் விழாமல், கோட்டைக்குள் இருக்கிறவர் மேல் விழும்.

ஈடு கையில் இருந்தும் பணம் போன பர்மா கதை வேறு மாதிரி. அங்கே செட்டியார்கள் நெல் வயலை ஈடாக வாங்கிக் கடன் கொடுத்தார்கள். 1930இல் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதம் அவர்கள் கையில்; 1938க்குள் 25. ஈடு கைக்கு வந்தால் கடன் பத்திரமாக இருக்கும் என்று எங்கள் பாடப்புத்தகம் சொல்லும். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது ஆட்கள் நடந்தாவது ஊர் வந்தார்கள். வயலை வேட்டியில் முடிந்துகொண்டு வர முடியுமா? 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. 1937இல் தொடங்கிய நாளிலேயே ரங்கூனிலும் கிளை திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, 1963இல் அந்தக் கிளையை அரசிடம் இழந்தது.

ஆலைக்காரரின் பணம் நவம்பரில், மூன்று தவணையாக வந்தது. அதுவரை சம்பா நெல் போட்டவர்கள் தினமும் காலையில் ஆலை வாசலில் வந்து நின்றுவிட்டுப் போவார்கள். ஒருநாள் நானே போய், டாலர் தட்டுப்பாடு, மத்திய வங்கி, 49ஆம் கட்டம் என்று விளக்கிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அதெல்லாம் சரி தம்பி. அரிசியைத் தின்னுட்டாங்கல்ல?"